பம்பரம்: திருவிழாக் கடையிலிருந்து தெருமுனை வட்டம் வரை

தேர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போனால் வளையல் கடை, பாத்திரக் கடை, மிட்டாய்க் கடை என்று சுற்றி முடித்துக் கடைசியில் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போவது பொம்மைக் கடைக்குத்தான். அங்கே ஒரு மூலையில் பச்சையும் சிவப்புமாகப் பம்பரங்கள் குவிந்து கிடக்கும். அப்பா தன் பழைய நாள் நினைப்பில் ஒன்றை வாங்கிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து விட்டுப் பார்த்தால் அது தலையாட்டிக்கொண்டே நாலு சுற்றில் சாய்ந்துவிடும். "உனக்குக் கை வரல" என்று பழி பிள்ளைமேல் விழும்.

பெரும்பாலும் கை மேல் குற்றமில்லை. கடையில் கிடைப்பது பாதிப் பம்பரம்தான். ஆணியைச் சரியாக இறக்கி, முனையை ராவி, அளவான சாட்டை (சுற்றி விடும் கயிறு) கட்டி மீதியை நாம்தான் முடிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் இந்த வேலையெல்லாம் தாங்களே செய்துகொண்டதால்தான் அவர்கள் பம்பரம் சாயாமல் நின்று சுற்றியது. அந்த வேலைகள் வரிசையாகக் கீழே.

கடையில் பார்க்க வேண்டியது

மரக்கடைசலுக்குப் பேர்போன ஊர் அம்பாசமுத்திரம். பிள்ளைகள் விளையாடும் செப்புச் சாமானோடு பம்பரமும் அங்கே கடைவார்கள். குற்றால சீசன் கடைகளிலும் இவை வந்து நிறையும். சென்னையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பங்குனித் திருவிழா நேரத்தில் தேடலாம். எங்கே வாங்கினாலும் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கடைசலில் மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பிடிக்கும். அந்தப் பூச்சு வழவழப்பாக, நகத்தால் சுரண்டினால் எளிதில் உரியாமல் இருக்கும். தூரிகையால் அடித்த மலிவான பெயின்ட் செதில் செதிலாக வரும். பெயின்ட் தடிப்பாக இருந்தால் அதன் அடியில் விரிசலை மறைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

மரத்தில் கொய்யா, புளி, கருவேலம் மூன்றும் உசத்தி. கெட்டி மரம், கனமாக இருக்கும், குத்து வாங்கினாலும் சட்டென்று பிளக்காது. பொம்மைக்கென்றே கடையும் வெட்பாலை போன்ற மென்மரங்கள் பார்க்க அழகு. சன்னபட்டணத்துப் பொம்மைகள் அந்த மரத்தில்தான் பேர் வாங்கின. சும்மா சுற்றி விளையாட அது போதும், ஒருவர் கட்டையை மற்றவர் ஆணியால் குத்தும் ஆக்கர் ஆட்டத்துக்கு இறக்கினால் தாங்காது. எடை பார்க்கத் தராசு வேண்டாம். ஒரே அளவில் நாலைந்தைக் கையில் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாலே கனமானது தெரிந்துவிடும்.

அளவு: ஏழெட்டு வயதுக் கைக்கு 4 முதல் 4.5 செ.மீ. குறுக்களவு, பெரியவர்களுக்கு 5 முதல் 5.5 செ.மீ. அதற்கு மேல் போனால் விரல் சுற்றிப் பிடிக்காது. அடிக்கூம்பில் சாட்டை பிடிக்க வரிவரியாகக் கடைந்திருக்க வேண்டும். வரியில்லாமல் மழமழவென்று இருந்தால் சாட்டை மொத்தமாக நழுவி ஆணியில் போய் விழும்.

அடுத்து தலைப்பக்கத்து ரேகையைப் பாருங்கள். மரத்தின் வளையங்கள் கொண்டையைச் சுற்றி வட்டமாக இருந்தால் அது சிறு கிளையை அப்படியே கடைந்தது. எல்லாப் பக்கமும் எடை ஒத்திருக்கும், நல்ல சுற்று சுற்றும். ஆனால் ஆணி இறங்கும் இடம் கிளையின் நடுத்தண்டு, அதாவது மெத்தென்ற சோறு. ஆணி சீக்கிரம் ஆடும், காய்ந்தால் விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும். ரேகை ஒரு பக்கமாக ஓடினால் பெரிய கட்டையைப் பிளந்து கடைந்தது. ஆணி பிடிப்பாக நிற்கும். ஆனால் ஒரு பக்கம் வைரம், ஒரு பக்கம் வெள்ளை மரம் என்று நிறம் பிரிந்து தெரிந்தால் எடை ஒரு பக்கம் சாயும். ஒரே நிறத்தில், ரேகை நெருக்கமாக ஓடும் கட்டையாகப் பொறுக்குங்கள்.

ஆணி அடிக்காத கட்டையாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒன்று போதாது, மூன்று வாங்குங்கள். ஒன்று ஆணி அடிக்கும்போது பிளக்கலாம், ஒன்று ஆட்டத்தில் போகும்.

வீட்டில் ஒரு தண்ணீர்ச் சோதனை

வாளித் தண்ணீரில் ஆணியில்லாத கட்டையைப் படுத்தவாக்கில் மிதக்க விட்டு, விரலால் மெல்ல உருட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் மேலே வந்து நின்றால் எடை சமம். எப்படி உருட்டினாலும் ஒரே பக்கம் கீழே போய் நின்றால் அந்தப் பக்கம் கனம். மேலே நிற்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். உடனே துடைத்து நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து சுருங்கி வெடிக்கும்.

ஆணி

பம்பரத்தின் பாதி உயிர் இங்கேதான். 2 அங்குல நீளம், 3 மி.மீ. தடிமன் உள்ள கம்பி ஆணி ஒன்று போதும். கடைக்காரர் அடித்துத் தரும் மெல்லிய ஆணி முதல் குத்திலேயே வளையும். அதைக் குறடால் திருகாமல் நேராக இழுத்து எடுத்துவிடலாம்.

அடிப்பதற்கு முன் கூம்பின் நுனியில் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசலில் இருந்து வந்த கட்டையில் பட்டறை ஊசி குத்திய சிறு குழி இருக்கும். அதுதான் நடு, கண்ணளவில் வேறு இடம் தேடாதீர்கள். அந்தக் குழியில் 2.5 மி.மீ. துளைப்பானால் 3 செ.மீ. ஆழத்துக்குத் துளை போடுங்கள். துளை ஆணியைவிட அரை மில்லிமீட்டர் சிறியதாக இருந்தால்தான் கவ்வும். துளையே போடாமல் அடித்தால் ஆணி ஆப்பாக இறங்கி ரேகையோடு கட்டையைப் பிளக்கும். பம்பரம் முதல் நாளே உடைவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

தச்சர்கள் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. ஆணியின் கூர்முனையைக் கல்மேல் நிறுத்திச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டி மழுக்கிவிடுவார்கள். கூர் முனை மரநாரை விலக்கிக்கொண்டு போகும், அதனால் பிளக்கும். மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு போகும், பிளக்காது.

கட்டையைத் தரைக்கல்லில் தலைகீழாக நிறுத்தி அடித்தால் கொண்டை உடையும். ஒரு டப்பாவில் மணலை நிரப்பி, கூம்பு மட்டும் வெளியே தெரியும்படி தலைகீழாகப் புதைத்துக்கொள்ளுங்கள். ஆணியைச் சின்னச் சின்ன அடியாக இறக்குங்கள். நாலைந்து அடிக்கு ஒருமுறை நிறுத்தி இரண்டு பக்கத்திலிருந்து பார்த்து நேராக இருக்கிறதா என்று சரி செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். முன்னாலிருந்து நேராகத் தெரியும் ஆணி பக்கவாட்டில் சாய்ந்திருக்கும்.

வெளியே 1.5 செ.மீ. இருக்கும்போது நிறுத்தி, ஆணியைக் குறடால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆணியின் கொண்டையை இரும்பு ரம்பத்தால் அறுத்தெடுங்கள். குறடு பிடிக்காமல் அறுத்தால் அந்த ஆட்டத்திலேயே ஆணி தளர்ந்துவிடும். பிறகு அரம். எந்த ஆட்டத்துக்கு என்பதைப் பொறுத்து முனை மாறும். நெடுநேரம் நிற்க வேண்டுமானால் முனையை உருண்டையாக ராவி, 400 எண் உப்புத்தாளால் மினுமினுப்பாகத் தேய்க்க வேண்டும். குத்து ஆட்டத்துக்குக் கொஞ்சம் கூர். ஊசிபோல் கூராக்கினால் மண்ணைத் தோண்டிக்கொண்டு நின்றுவிடும், எதிராளி கட்டையில் மாட்டிக்கொண்டால் எடுப்பதும் பாடு.

இப்போது விட்டுப் பாருங்கள். தலையாட்டினால், சுற்றிக்கொண்டிருக்கும்போதே அகன்ற பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் மெல்லக் கொண்டுபோய்த் தொடுங்கள். வெளியே துருத்தும் பக்கத்தில் மட்டும் கோடு விழும். ஆணி முனை அந்தக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கி இருக்கிறது என்று அர்த்தம். கோடு விழுந்த பக்கத்தை நோக்கி முனையைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். மறுபடி விடுங்கள், மறுபடி சாக்பீஸ். கோடு சுற்றிவரச் சமமாக விழும்வரை செய்ய வேண்டும். ஆணி நேராகியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் மரத்தின் எடைதான் காரணம். பென்சில் கோடு போட்ட பக்கத்துக்கு நேர் எதிரே, அதாவது கனமான பக்கத்தில், தோள்பகுதியை உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து எடையைக் குறையுங்கள்.

தளர்ந்த ஆணிக்கு: உருவி எடுத்து, துளையில் மரத்தூளும் ஃபெவிக்காலும் பிசைந்து திணித்து, கூடவே ஒரு தீக்குச்சிச் சிம்பையும் செருகி, ஆணியைத் திரும்ப இறக்கி ஒரு முழு நாள் விடுங்கள். அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் விட்டால் மறுபடி அதே கதைதான்.

சாட்டை

நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். வழுக்கும், முறுக்கு நிற்காது. 3 மி.மீ. தடிமனில் பின்னிய பருத்திக் கயிறு வாங்குங்கள். நீளம் 5 செ.மீ. கட்டைக்கு ஒன்றேகால் மீட்டர். கூம்பில் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் போகும், மீதி கைப்பிடிக்கு. நீளம் கூடினால் வேகம் கூடும் என்று இரண்டு மீட்டர் கட்டுபவர்கள் உண்டு. சுற்று ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கி, பம்பரம் தரைக்குப் போகாமல் நம்மை நோக்கியே திரும்பி வரும்.

கைப்பிடி முனைக்குப் பழைய ஏற்பாடு சோடா மூடி. மூடியைத் தட்டையாக நசுக்கி, நடுவில் ஆணியால் துளை போட்டு, ஓரத்துப் பிசிறை மடக்கி ராவி, கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட வேண்டும். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் கயிறு வர, மூடி வெளியே நிற்கும். இழுக்கும்போது நழுவாது. மூடி கிடைக்காவிட்டால் தடிமனான சட்டைப் பொத்தான் ஒன்று. விரலில் சுருக்கு மட்டும் போடாதீர்கள், இறுகி வலிக்கும்.

மறுமுனையில் முடிச்சு இருக்கக் கூடாது. கடைசி மூன்று விரற்கடையில் இழைகளைப் பிரித்துச் சிலவற்றை வெட்டி மெலிதாக்கி, தையல் நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். சுற்றும் முன் அந்த நுனியை எச்சில் தொட்டு நனைப்பார்கள். தண்ணீரும் அதே வேலையைச் செய்யும்.

சுற்றுவதும் விடுவதும்

இடக்கையில் கட்டையை ஆணி மேலே பார்க்கப் பிடியுங்கள். நனைந்த நுனியைக் கூம்பின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, கயிற்றை ஆணியின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி அந்த நுனியின் மேலேயே கொண்டுவாருங்கள், நுனி மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து வரிவரியாக அகன்ற பகுதி நோக்கி வர வேண்டும். முதல் மூன்று சுற்று நல்ல இறுக்கம், மீதி சுமாரான இறுக்கம். சுற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. வலக்கைக்காரர்கள் பெரும்பாலும் வலஞ்சுழியாகச் சுற்றுவார்கள். இடக்கைப் பிள்ளையை இப்படித்தான் என்று வற்புறுத்தாமல் எதிர்த்திசையில் சுற்றவிடுங்கள்.

புதிதாகப் பழகுகிறவர்கள் குனிந்து, முழங்கால் உயரத்திலிருந்து பக்கவாட்டில் வீசட்டும். ஆணி கீழ்நோக்கியே இருக்கும், தரை பக்கத்திலேயே இருப்பதால் தப்பு குறையும். இது கைக்கு வந்தபின் தோளுக்கு மேலிருந்து குத்துவது. அதற்குக் கட்டையை ஆணி மேலே பார்க்கப் பிடிக்க வேண்டும். கொண்டை கட்டைவிரல் பக்கம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சாட்டை சுற்றிய கூம்பின்மேல். காலுக்கு முன்னால் நாலைந்து அடியில் ஓர் இடத்தைக் குறிவைத்து எறிந்து, சாட்டை முழுவதும் பிரியப்போகும் தறுவாயில் மணிக்கட்டைப் பின்னால் வெடுக்கென்று இழுக்க வேண்டும். எறிந்த கட்டை அந்த இழுப்பில் காற்றிலேயே புரண்டு ஆணி கீழாக விழும். எறிவது பாதி, இழுப்பது பாதி. பிள்ளைகள் எறிவதிலேயே முழு பலத்தையும் காட்டிவிட்டு இழுக்க மறப்பார்கள். பம்பரம் கல்லாகப் போய் விழும்.

தலைகீழாக விழுந்தால் இழுப்பு போதவில்லை அல்லது தாமதம். பக்கவாட்டில் விழுந்து உருண்டால் பிடி சாய்ந்திருக்கிறது. பாதியில் சாட்டை மாட்டிக்கொண்டு தொங்கினால் நுனியில் முடிச்சு இருக்கிறது அல்லது சுற்று ஏறியிருக்கிறது. நன்றாக விழுந்தும் ஒரே இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஆணி முனை ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருக்கும்; அரத்தை எடுங்கள்.

தரையும் முக்கியம். இறுகிய மண்தரைதான் சரி. காலால் மிதித்தால் தடம் பதியக் கூடாது. சிமென்ட் தரையில் ஆணி வழுக்கி ஓடும், முனை சீக்கிரம் மழுங்கும். மணலில் எதுவும் நடக்காது. அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களுக்கு ஒரு யோசனை: பார்க்கிங் தரையில் பழைய ஒட்டுப்பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் விடலாம். ஓடுபோட்ட வரவேற்பறையில் மட்டும் வேண்டாம், ஓட்டுக்கு யார் பதில் சொல்வது?

அபீட்

சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிப்பது அபீட். சாட்டையின் நடுப்பகுதியை இரு கைக்கும் இடையில் ஒரு சாண் தொய்வாகப் பிடித்து, தரையோடு ஒட்டி ஆணிவரை கொண்டுபோய், ஒரு கையை மறு கைக்கு முன்னால் கடத்தி ஆணியைச் சுற்றி ஒரு வளையம் போட வேண்டும். பிறகு மேல்நோக்கி ஒரே சுண்டு. கட்டை எகிறி வரும், ஏந்திக்கொள்ளலாம். ஆணி 1.5 செ.மீ.க்குக் குறைவாக வெளியே இருந்தால் வளையம் மாட்ட இடம் இருக்காது. சாட்டை கூம்பின்மேல் பட்டால் சுற்று அங்கேயே செத்துவிடும். மெதுவாகச் சுற்றும்போது பழகினால் எளிது என்று தோன்றும். உண்மையில் வேகம் இருக்கும்போதுதான் கட்டை நிமிர்ந்து அசையாமல் நிற்கும், ஆணியும் கைக்கு வாகாகக் கிடைக்கும். விட்ட உடனே எடுக்கப் பழகுங்கள்.

ஆட்டம்

ஊருக்கு ஊர் விதி மாறும், பெயரும் மாறும். எளிதான ஆட்டம் ஓயாக்கட்டை: எல்லாரும் ஒரே நேரத்தில் விட வேண்டும், கடைசிவரை நிற்கும் கட்டை ஜெயிக்கும். அரை நிமிடம் நின்றால் நல்ல கட்டை, ஒரு நிமிடம் தாண்டினால் அதைக் குத்து ஆட்டத்துக்கு இறக்காமல் தனியாக எடுத்து வையுங்கள்.

வட்டக் குத்துக்குத் தரையில் மூன்று நாலு அடி குறுக்களவில் ஒரு வட்டம் வேண்டும். எல்லாரும் விட்டு அபீட் எடுப்பார்கள். கடைசியாக எடுத்தவரும், எடுக்க முடியாதவரும் தங்கள் கட்டையை வட்டத்துக்குள் வைக்க வேண்டும். மற்றவர்கள் அதைக் குறிபார்த்துக் குத்தி வெளியே தள்ளுவார்கள். குத்த விட்ட பம்பரம் சுற்றாமல் உருண்டு படுத்துவிட்டால் அதுவும் உள்ளே போகும். வெளியே வந்த கட்டை சொந்தக்காரருக்கு உடனே திரும்பும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் திரும்ப முதலிலிருந்து.

இதன் கடுமையான வடிவத்தில் வட்டத்துக்குப் பதிலாக இரண்டு கோடுகள். தோற்றவர் கட்டையைக் குத்திக் குத்தி ஒரு கோட்டிலிருந்து எதிர்க்கோட்டுக்கு நகர்த்துவார்கள். கோட்டைத் தாண்டியதும் ஆளுக்கு இத்தனை ஆக்கர் என்று தங்கள் ஆணியால் அந்தக் கட்டையில் பள்ளம் குத்துவார்கள். எத்தனை ஆக்கர் என்பதை ஆட்டம் தொடங்கும்முன் பேசி வையுங்கள். சண்டை வருவது எப்போதும் இந்த இடத்தில்தான். விவரமான பிள்ளைகள் ஆக்கர் வாங்குவதற்கென்றே விரிசல் விட்ட பழைய கட்டை ஒன்றைப் பையில் வைத்திருப்பார்கள். அதை மாற்றி வைக்கலாமா கூடாதா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

எறிபவருக்கு முன்னாலும் பின்னாலும் பத்தடிக்கு யாரும் நிற்கக் கூடாது. பின்னால் எதற்கு என்றால், சாட்டை சிக்கிய கட்டை ஆணியோடு திரும்பிப் பறப்பது அந்தப் பக்கம்தான். கையில் ஏந்தும்போது ஆணி உள்ளங்கையில் நேராக இறங்காமல் விரல்கள் சற்றுச் சாய்ந்து ஏந்த வேண்டும். துருப்பிடித்த ஆணியை உடனே மாற்றிவிடுங்கள்.

வைத்துக்கொள்ளும் முறை

வருடம் ஒருமுறை பெயின்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தலையிலும் தோளிலும் மெலிதாகத் தடவி, நிழலில் காயவிடுங்கள். வரி கடைந்த கூம்பில் எண்ணெய் படக் கூடாது, சாட்டை வழுக்கும். தெரியாமல் பட்டுவிட்டால் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துத் துடைக்கலாம். காருக்குள் கண்ணாடியோரம், மொட்டைமாடி, அடுப்பு மேடை மூன்றும் வைக்கக் கூடாத இடங்கள். ஆக்கர் பள்ளங்களை மெழுகோ மரத்துக்குப் பூசும் மக்கோ வைத்து அடைத்தால் எடை மாறித் தலையாட்டம் திரும்ப வரும். பள்ளத்திலிருந்து ரேகையோடு ஒரு கோடு கிளம்பித் தலைவரை போயிருந்தால் அந்தக் கட்டையை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட்டு, ஆணியை மட்டும் உருவி அடுத்த கட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.